விரல்கள் விறைக்கும் வைகறை

எங்கள் உம்மாவுக்கு முடக்குவாதம் என்று உறுதியாவதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பிடித்தது. அதற்குள் உற்றார் கூறிய காரணங்கள் பல: வயது, வாயு, குளிர்ந்த நீர், சிக்குன்குனியாவின் மிச்சம். கடைசிக் காரணத்தைப் புறக்கணிக்க இயலாது. அக்காய்ச்சலுக்குப் பின் மாதக்கணக்கில் மூட்டுகள் வீங்குவது உண்டு. ஆனால் உம்மாவுக்கு அக்காய்ச்சல் வந்ததேயில்லை.

நோயைக் காட்டிக் கொடுத்தது ஒரு கேள்விதான். "காலையில் எழுந்தபின் விரல்கள் இளக எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று மூட்டுநோய் மருத்துவர் வினவினார். உம்மா கடிகாரக் கணக்கில் பேசுபவர் அல்லர். "ஸுப்ஹுக்கு ஒளூச் செய்யும்போது குழாயைத் திருக முடியாது, லுஹா தொழ நிற்கும்போது சரியாகிவிடும்" என்றார். மருத்துவருக்கு அதுவே போதுமானதாயிருந்தது.

தேய்மானத்தால் வரும் மூட்டுவலியிலும் காலை விறைப்பு உண்டு. அது பெரும்பாலும் 30 நிமிடங்களுக்குள் விலகும். பிறகு வேலை செய்யச் செய்ய வலி கூடும். முடக்குவாதத்தின் விறைப்போ ஒரு மணி நேரத்தையும் கடக்கும். அசைக்க அசைக்கக் குறையும். இரு கைகளிலும் விரல்களின் அடிமூட்டும் நடுமூட்டும் வீங்கும். நகத்தை அடுத்த மூட்டு பெரும்பாலும் தப்பிவிடும். சுஜூதில் கால்விரல்களை மடக்கி ஊன்றும்போது பாதத்தின் முன்பகுதி வலிக்கிறதா என்றும் அவர் கேட்டறிந்தார். வலித்தது. அதனால்தான் உம்மா நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கியிருந்தார்.

மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் அறிவோம். அந்தச் சலுகை தொழுகைக்கு உரியது. மருத்துவத்தைத் தள்ளிப்போட அதில் இடமில்லை. நம் பெண்கள் வலியை ஸப்ர் என்ற சொல்லுக்குள் மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆண்களைவிடப் பெண்களையே இந்நோய் இரண்டு மூன்று மடங்கு அதிகம் பற்றுகிறது. முதற்சில மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் எலும்பு அரிபடுவதைப் பெரிதும் தடுக்கலாம். உம்மாவின் வலக்கைச் சுட்டுவிரல் இப்போது சற்றே சாய்ந்திருக்கிறது. அது இனி நிமிராது.

இரத்தச் சோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முன்னர் ஓரிடத்தில் 'ஆர்.ஏ. ஃபேக்டர்' இல்லை என்று வந்ததால் வாதமே இல்லையென அனுப்பிவிட்டார்கள். நோயுள்ளோரில் 20 விழுக்காட்டினருக்கேனும் அது இல்லையென்றே வரும். நலமாயுள்ள முதியோர் சிலருக்கு இருப்பதாகவும் வரும். 'ஆன்டி சி.சி.பி.' அதைவிட நோயைத் துல்லியமாகச் சுட்டும். எனினும் தாளைப் பார்க்குமுன் கையைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரே வேண்டும்.

உம்மாவுக்குக் கொடுத்த மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டியது. தவறி நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மறக்கவியலாத வெள்ளிக்கிழமையை அதற்கென வைத்தோம். மற்றொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரை. பெயர்ச்சீட்டு இல்லாத வாதப் பொடிகளை உம்மாவிடம் கொண்டு வருவோரும் உளர். அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு என்பதால் அன்போடு மறுத்துவிடுகிறோம்.

ரமளானுக்காக ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொண்டோம். வார மாத்திரை இஷாவுக்குப் பின். குறைந்த அளவு ஸ்டீராய்டு ஸஹர் உணவோடு. அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்று உம்மாவிடம் அவர் இருமுறை கூறினார்.