இசிஜி சரி என்று வந்த பிறகு



லண்டன் ஈஸ்ட் ஹாமில் நம்மவர்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கதை இது. நடுராத்திரியில் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை மரத்துப்போகும், உயிர் போகப்போகிறது என்றே தோன்றும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து, விடியும்போது "இதயத்துக்கு ஒன்றுமில்லை, பேனிக் அட்டாக்" என்று அனுப்பிவிடுவார்கள். ஓடியது சரிதான். திடீரென்று நெஞ்சு வலித்தால் 999ஐ அழைக்கத்தான் வேண்டும். அது மாரடைப்பா இல்லையா என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவுசெய்யக் கூடாது.

என் கவலையெல்லாம் அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றியது. குடும்பம் நிம்மதியாகிவிடுகிறது. பாதிக்கப்பட்டவரோ அடுத்தது எப்போது வருமோ என்று பயந்துகொண்டிருக்கிறார். ரயிலில் ஏறுவதில்லை, கடைக்குத் தனியாகப் போவதில்லை. "மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்று ஊரிலிருந்து அம்மா போனில் சொல்கிறார். தைரியமானவர்களுக்கும் இது வரும், அம்மா.

பேனிக் அட்டாக் எப்படி வருகிறது என்பதை உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கினார். சாதாரணப் படபடப்பை மனம் பேராபத்தாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பயம் படபடப்பைக் கூட்டுகிறது, படபடப்பு பயத்தைக் கூட்டுகிறது. இந்தச் சுழலை உடைக்கும் பேச்சு சிகிச்சைதான் சிபிடி. சிகிச்சையாளர் தன் முன்னிலையிலேயே உங்களை வேகமாக மூச்சுவிடச் சொல்லி, அதே படபடப்பை வரவழைத்து, அது தானாகவே அடங்குவதை உணரவைப்பதும் உண்டு. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் லேயார்டும் கிளார்க்கும் வாதாடியதன் பலனாக, 2008 முதல் இங்கிலாந்தில் இத்தகைய சிகிச்சை பரவலாக இலவசமாகக் கிடைக்கிறது. டாக்டரின் கடிதம்கூட வேண்டாம். என்ஹெச்எஸ் டாக்கிங் தெரபிஸ் சேவையில் நீங்களே பதிந்துகொள்ளலாம். காத்திருக்க வேண்டிவரலாம், அதற்காகப் பதியாமல் இருந்துவிடாதீர்கள்.

ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதற்கும் கட்டணமில்லை. தயவுசெய்து பிள்ளைகளை அந்த வேலைக்கு அழைத்துப் போகாதீர்கள். "செத்துப்போயிடுவேன்னு பயமா இருக்கு" என்று எந்தத் தாய் தன் மகன் வாயால் டாக்டரிடம் சொல்லவைப்பாள்? சொல்லாமலே திரும்பி வருவாள்.

இன்னொன்று. ஊரிலிருந்து வரும் உறவினரிடம் அல்பிரஸோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கிவரச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த வகை மாத்திரைகளுக்கு உடம்பு அடிமையாகிவிடும். பேனிக் நோய்க்கு அவற்றைத் தர வேண்டாம் என்பதே இங்குள்ள மருத்துவ வழிகாட்டுதல். மருந்து தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்றவற்றை ஜிபி, அதாவது உங்கள் குடும்ப டாக்டர், எழுதித் தருவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பொறுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மனம் மிகவும் தவித்தால், இங்கிலாந்தில் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 14416இலும், இலங்கையில் இருப்பவர்கள் 1926இலும் பேசலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்திருந்தால், இதயம் நன்றாக இருக்கிறது என்ற ரிப்போர்ட்டோடு விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.