ஈஞ்சம்பாக்கத்துத் திறந்தவெளித் திரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் 1991-ல் தொடங்கியது பிரார்த்தனா டிரைவ்-இன் தியேட்டர். திருவான்மியூரைத் தாண்டிவிட்டாலே ஊர் முடிந்துவிட்டது என்று நினைத்த காலம் அது. அடையாறு, மயிலாப்பூர்க் குடும்பங்களுக்குப் படத்தோடு கடற்காற்றும் கிடைத்தது. அதே வளாகத்தில் ஆராதனா என்று கூரை போட்ட தியேட்டர் ஒன்றும் இருந்தது.

மெட்ராஸ்காரர்களுக்கு டிரைவ்-இன் என்றால் அதுவரை சினிமா அல்ல, டிபன். கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் 1962 முதல் கார்க் கதவிலேயே தட்டை மாட்டி இட்லியும் காபியும் பரிமாறினார்கள். அது 2008-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது.

காரில் இருந்தபடி படம் பார்க்கும் ஏற்பாடு அமெரிக்காவில் பிறந்தது. ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் வீட்டு மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டி, கார் பானெட்டின் மேல் புரொஜக்டரை வைத்து ஒத்திகை பார்த்தார். முன்னால் நிற்கும் கார் பின்னால் இருப்பவருக்குத் திரையை மறைத்தது. வரிசை வரிசையாகச் சரிவுமேடு போட்டு, முன்சக்கரத்தை அதில் ஏற்றி நிறுத்தினால் எல்லோருக்கும் திரை தெரியும் என்று கண்டுபிடித்துக் காப்புரிமையும் வாங்கினார். நியூஜெர்சியில் 1933 ஜூனில் முதல் தியேட்டர் திறந்தது. இந்தியாவில் அகமதாபாத் 1973-லும் பம்பாயின் பாந்திரா 1977-லும் இதைத் தொடங்கின. பாந்திரா தியேட்டர் 2003-ல் மூடப்பட்டது.

ஈஞ்சம்பாக்கத்தில் இந்த ஏற்பாடு கொஞ்சம் உருமாறியது. மாருதி 800-க்குள் ஐந்து பேர் அடைந்துகொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார முடியுமா? வந்தவர்கள் காரை நிறுத்திய கையோடு டிக்கியைத் திறந்து பாயையும் மடக்கு நாற்காலியையும் எடுத்தார்கள். பாட்டிக்கு நாற்காலி; பிள்ளைகளுக்குப் பாய், பாதி படத்தில் தூக்கம். மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த டூரிங் டாக்கீஸ்தான் இது. கார் வைத்திருந்தவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது, அவ்வளவே.

தொழிலாகப் பார்த்தால் இது நோஞ்சான் பிள்ளை. இருட்டிய பிறகுதான் திரை தெரியும், ஆகவே பகல் காட்சிக்கு வழியில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. ஒரு கார் நிற்கவும் திரும்பவும் வேண்டிய இடத்தில், கூரைக்குள் இருபது நாற்காலி தாராளமாகப் போடலாம். நிலம் மலிவாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு தாங்கும். சாலை அகலமானது, 2002-ல் சுங்கக் கட்டணம் வந்தது, 2011-ல் ஈஞ்சம்பாக்கம் மாநகராட்சிக்குள் சேர்ந்தது. கார்களைக் கொண்டுவந்த சாலையே மனை விலையையும் ஏற்றிவிட்டது.

கொரோனா முடக்கத்தில், ஒட்டாமல் உட்காரலாம் என்பதற்காகவே பல நாடுகளில் டிரைவ்-இன்களுக்கு மறுபடி கூட்டம் சேர்ந்தது. மும்பையில் 2021 நவம்பரில் புதிதாக ஒன்று திறந்தார்கள்; தரையில் அல்ல, வணிக வளாகத்தின் மொட்டைமாடியில். அதே காலத்தில் பிரார்த்தனாவின் ஆட்டம் நின்றது. கார்கள் நின்ற மணல்வெளி வீட்டுக் கட்டுமானத்துக்குப் போனது.