திம்பம் தாண்டினால் மைசூர்

எண்பதுகளில் எங்கள் சத்தியமங்கலம் பக்கம் புதுசாகக் கல்யாணமான ஜோடிக்கு ஊர் சுற்ற இரண்டே திசைதான். ஒன்று ஊட்டி, இன்னொன்று மைசூர். ஊட்டிக்குப் போனவர்கள் திரும்பி வந்து குளிரைப் பற்றிப் பேசுவார்கள். மைசூர் போனவர்கள் வெளிநாடு போய் வந்த தோரணையில் பேசுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஆசனூர்க் காட்டைக் கடந்து சாமராஜநகர் பக்கம் இறங்கினால் கடைப் பலகையில் எழுத்து மாறிவிடும். டீக்கடையில் பேச்சு மாறிவிடும். அதற்கு அப்பால் ராஜா, அரண்மனை, யானை மேல் அம்பாரி. அரைநாள் பஸ் பயணத்தில் இவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிற ஊர் எங்களுக்கு வேறு இல்லை.

1984 தை மாதம் எங்கள் கல்யாணம். மாசியில் ஒரு சனிக்கிழமை மைசூர் பஸ் ஏறினோம். நான் பவானியில் பிறந்தவள். கூடுதுறையில் குளித்து வளர்ந்தவள். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதில்லை. அவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர், எல்லாவற்றுக்கும் துண்டுக் காகிதத்தில் வரவு செலவு எழுதுகிறவர். பண்ணாரியில் பஸ் நின்றது. டிரைவர் முதல் எல்லோரும் இறங்கிக் கும்பிட்டார்கள். அங்கே திருநீற்றுக்குப் பதில் புற்றுமண்தான் பிரசாதம். அதை நெற்றியில் இட்டுக்கொண்டு ஏறியவுடன்தான் வண்டி மலைக்குத் திரும்பும். அந்த வழக்கம் இன்றும் மாறவில்லை.

இருட்டும்போது மைசூர் போய்ச் சேர்ந்து, காந்தி சதுக்கத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினோம். ஆக, ஊரைப் பார்த்த முதல் நாள் ஞாயிறு.

மைசூரை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை, ஊர் முடிவு செய்து வைத்திருக்கிறது. காலையில் சாமுண்டி மலை, பிறகு அரண்மனை, மிருகக்காட்சிசாலை, சாயங்காலம் பிருந்தாவனம். அன்றைக்கு டூரிஸ்ட் பஸ் போன வரிசையில்தான் இன்றைக்கும் வாடகைக் கார் போகிறது.

மலைக்கு டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டு, இறங்கும்போது படி வழியாக இறங்கினோம். ஆயிரம் படி என்கிறார்கள். நடுவழியில் நந்தி. 17ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் செதுக்க வைத்தது, ஒரே கல். தஞ்சாவூர் நந்தியைப் பார்த்திருந்த அவர், "நம்மளுதவிடப் பெருசுதான் புள்ள" என்று கொஞ்சம் மனமில்லாமல்தான் ஒத்துக்கொண்டார். எண்ணெய் ஏறி ஏறிக் கறுத்திருந்த கல்லில் கழுத்துச் சலங்கை மணிகளைத் தனித்தனியாக எண்ணலாம். உச்சியில் இருக்கும் மகிஷாசுரன் சிலையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கையில் வாள், மறு கையில் பாம்பு, பெரிய மீசை. பயமுறுத்த வந்தவர் போட்டோவுக்கு நிற்கிறார். ஆனால் ஊரே அவர் பெயரில்தான் இருக்கிறது.

அரண்மனையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனால், வழிகாட்டி ஆரம்பித்ததே கல்யாணக் கதையில்தான். 1897இல் ராஜ குடும்பத்துக் கல்யாணத்தின்போது தீப்பிடித்துப் பழைய மர அரண்மனை எரிந்துபோயிற்று. அதன் பிறகு ஹென்றி இர்வின் என்ற ஆங்கிலேயர் வரைந்து கொடுத்த புதிய கட்டடம் 1912இல் முடிந்தது. செலவு 41 லட்சத்துக்கு மேல். எங்கள் கல்யாணக் கடனை அப்போதுதான் எண்ணிக்கொண்டிருந்த அவர் என் காதில், "கல்யாணச் செலவுன்னா இது" என்றார்.

கல்யாண மண்டபத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வார்த்துக் கொண்டுவந்த இரும்புத் தூண்கள் எட்டுப் பக்கமும் நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க வண்ணக் கண்ணாடியில் மயில்கள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். இந்த இர்வின் நமக்கும் வேண்டியவர்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் சிவப்புக் கலைக்கூடமும் அவர் கட்டியதே. அதைப் பார்த்தபோது மைசூர் ஞாபகம் வந்ததற்கு அதுதான் காரணம் போலும்.

மிருகக்காட்சிசாலை 1892லிருந்து இருக்கிறது. நல்ல மர நிழல். ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தோம், கடலை தின்றோம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஜகன்மோகன் அரண்மனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ரவிவர்மா படங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஆனால் கூட்டம் நிற்பது வேறு ஒரு படத்தின் முன்னால். ஒரு பெண், ஒரு கையில் விளக்கு, காற்றில் அணையாமலிருக்க மறு கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். ரவிவர்மா வரைந்தது என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். வரைந்தவர் ஹல்தங்கர், நின்றவர் அவர் மகள். படத்தை இருட்டு அறையில் வைத்திருந்தார்கள். விரல் இடுக்கில் சிவப்பாக ஒளி கசிவதைப் பார்த்து, பின்னால் பல்பு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார். பல்பும் இல்லை, எண்ணெய் வண்ணமும் இல்லை; வெறும் நீர்வண்ணம்.

பட்டுப் புடவை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மைசூரில் அரசு பட்டு நெசவாலை 1912இல் தொடங்கியது. பட்டுப்பூச்சி வளர்க்கிற ஊர்க்காரி என்பதால் அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று இருந்தேன். கனமான கல்யாணப் பட்டைச் சுமந்த தோளுக்கு மைசூர் கிரேப் பட்டு தண்ணீர் மாதிரி வழுக்கி இறங்கும் என்று என் சித்தி சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. அது அவருக்கு முன்பே தெரியும் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அதற்குப் பதிலாகத்தான் தேவராஜ மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த நாளில் நான் உண்மையாகவே வாயைப் பிளந்தது அங்கேதான். குங்குமத்தையும் வண்ணப் பொடிகளையும் தட்டுத் தட்டாகக் கோபுரம் போலக் குவித்து வைத்திருப்பார்கள். ஒரு கோபுரத்துப் பொடி அடுத்ததில் ஒரு துளி சிந்தாது. கடைக்காரர் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த நொடி தகட்டால் தடவிச் சரிவைப் பழையபடி ஆக்கிவிடுவார். பூக்கடைச் சந்தில் மைசூர் மல்லிகை. நம் ஊரில் முழம் போடுவார்கள்; அங்கே இரண்டு கையையும் விரித்து மார் கணக்கு. என் கூந்தலுக்கு அது அதிகம். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டேன். பூக்கார அம்மாவிடம் தெரிந்த தமிழில் பேரம் பேசினால், "ஏன் கண்ணு, சேலம் பக்கமா?" என்று தமிழிலேயே கேட்டார். வெற்றிலைக் கட்டு, நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம் என்று பை நிறைந்தது.

மைசூரில் தமிழர் என்பது புதிய சேதி இல்லை. மணிக்கூண்டுக்கு அருகே இருக்கிற டவுன் ஹாலுக்கு ரங்காசார்லு பெயர். செங்கல்பட்டுச் சீமையிலிருந்து போய் மைசூருக்குத் திவானானவர். சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண் இந்த ஊரில் நடந்து நடந்துதான் மால்குடியைக் கட்டினார்.

வெளியே சயாஜிராவ் சாலையில் மைசூர்பாக். அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பா முதன்முதலில் செய்தது என்பார்கள். அவர் வம்சத்தாரின் கடை அங்கேதான் இருக்கிறது. அது கடித்தால் நொறுங்குகிற, உள்ளே பொரபொரவென்று ஓட்டை விழுந்த மைசூர்பாக். கோயம்புத்தூர்க்காரர்கள் அதை நெய்யில் குழைத்து வேறு பண்டமாக்கிவிட்டார்கள். என் ஓட்டு பழையதற்கே.

சாயங்காலம் ஒரு சங்கடம். ஞாயிறு இரவு அரண்மனை முழுவதும் விளக்கு ஏற்றுவார்கள், கிட்டத்தட்ட 97,000 பல்பு. அதே நேரத்தில்தான் பிருந்தாவனத்திலும் நீரூற்றுக்கு வண்ண விளக்கு. இரண்டுக்கும் போக முடியாது. சினிமாவில் கதாநாயகனும் நாயகியும் ஓடிப் பாடிய படிக்கட்டுகளைப் பார்க்காமல் ஊருக்குப் போனால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று பிருந்தாவனத்துக்கு பஸ் ஏறினோம்.

எனக்குப் பூங்காவைவிட அணைதான் பெரிதாகப்பட்டது. கிருஷ்ணராஜசாகர். 1911இல் விசுவேசுவரய்யா காலத்தில் வேலை தொடங்கி முடிய இருபது வருடம் ஆனது. சிமென்ட் இல்லை, சுர்க்கிச் சாந்து. கண்ணம்பாடி என்ற ஊரே தண்ணீருக்குள் போயிற்று. பூங்கா பின்னால் திவான் மிர்ஜா இஸ்மாயில் போட்டது. அணையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்:

"ஏனுங்க, இது நம்ம காவேரியா?"

"வேற எது? இங்கிருந்து விட்டாத்தான் மேட்டூரு. மேட்டூர்ல விட்டாத்தான் உங்க கூடுதுறை."

அதுவரை காவேரி எங்கள் வாசலில் தொடங்குகிறது என்றே நினைத்திருந்தேன். மடியில் வைத்திருந்த மல்லிகையில் ஒரு பூவைக் கிள்ளித் தண்ணீரில் போட்டேன். என்றைக்காவது பவானிக்குப் போகட்டும் என்று. அவர் கணக்கர் புத்தியோடு, "நடுவுல மேட்டூர் அணை இருக்குது" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ ஜூன் மாதங்களில் பேப்பரைப் பிரித்ததும் கே.ஆர்.எஸ். நீர்மட்டம் முழு அளவான 124.80 அடிக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்திருக்கிறேன். அரசியல்வாதிகளுக்கு அது வழக்கு எண். எனக்கு நான் நின்ற இடம்.

பூங்காவில் ஒரு போட்டோக்காரர் எங்களை நீரூற்றுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, காசும் விலாசமும் வாங்கிக்கொண்டார். "காசு போச்சு" என்று இவர் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். படம் தபாலில் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு நினைத்த மாதிரி மைசூர் போகக் கொடுத்துவைக்கவில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். கர்நாடகத்துத் தமிழர்கள் உயிருக்குப் பயந்து ஊர் திரும்பினார்கள். அந்தப் பூக்கார அம்மா என்ன ஆனாரோ என்று வீட்டில் பேசிக்கொண்டோம். பிறகு வீரப்பன் வருடங்கள். 2000 ஜூலையில் தாளவாடி அருகே காஜனூர் பண்ணை வீட்டிலிருந்து நடிகர் ராஜ்குமாரைக் கடத்தியபோது திம்பம் வழி என்றாலே வேண்டாம் என்றார்கள். அரண்மனை விளக்கைப் பார்க்க எங்களுக்குப் பேரன் பிறக்க வேண்டியிருந்தது. பார்த்தோம், அழகுதான். இருந்தாலும் அன்றைக்கு அணையைத் தேர்ந்தெடுத்தது சரி என்றே இப்போதும் சொல்வேன்.

தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி 2016 ஆகஸ்டில் இடிந்து விழுந்தது. முழுவதையும் இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா என்று வழக்கும் வாதமும் வருடக்கணக்காக நடந்தன. மைசூர் போகிறவர்கள் அரண்மனைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்து அந்த மார்க்கெட்டுக்குக் கொடுங்கள். அரண்மனை எங்கேயும் போய்விடாது. இன்னொன்று: திம்பம் பாதை இப்போது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, 2022லிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் உண்டு. நேரம் விசாரித்துக்கொண்டு விடிந்ததும் கிளம்புங்கள். பண்ணாரியில் இறங்கிக் கும்பிட நேரம் இருக்கும்.