சேனாநாயக்க சமுத்திரத்தில் ஒரு காலைப் பொழுது

லண்டனில் தொழில் புரியும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசினார். தேம்ஸ் நதியின் மேற்பகுதியில் படகொன்றை வாடகைக்கு எடுத்து, மனைவி மக்களோடு ஒரு நாளைக் கழித்தாராம். மணிக்கு 8 கிலோமீற்றருக்கு மேல் அங்கே படகு ஓட்டக்கூடாது என்பது விதி. வேகமாக நடப்பவரின் நடைதான் படகின் ஓட்டம். "மனசு எவ்வளவு லேசாகிப் போச்சு தெரியுமா ஹஸரத்! நம்ம ஊர்ப் பக்கம் இப்படி ஓர் இடம் இல்லையே" என்றார்.

இல்லையென்று யார் சொன்னது? நாம்தான் போய்ப் பார்ப்பதில்லை.

பாடசாலை விடுமுறையில் ஒரு நாள், ஸுபஹ் தொழுகையை முடித்த கையோடு வேனில் புறப்பட்டோம். மனைவி, மூன்று பிள்ளைகள், இவர்களோடு என் உம்மாவும். காரைதீவுச் சந்தியில் திரும்பி சம்மாந்துறை வழியாக அம்பாறை, அங்கிருந்து இங்கினியாகலை. வழியெல்லாம் இருமருங்கிலும் வயல்வெளி.

உம்மாவை அழைத்து வருவது இலேசான காரியமாக இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது, உம்மாவின் தங்கையை, எங்கள் சாச்சியை, அது கொண்டுபோய் விட்டது. அன்றிலிருந்து உம்மா கடற்கரைப் பக்கம் போனதே இல்லை. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான். இரவில் அலைச்சத்தம் கூடினால் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். "கடல் இல்லை உம்மா, குளம்தான்" என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன்.

அணைக்கட்டின் மீது நின்று பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீர். "இது என்ன இடம் மகன்?" என்றார். "சேனாநாயக்க சமுத்திரம்" என்றேன். "சமுத்திரம் எண்டா கடல்தானே!" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

உண்மையில் இது இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். நம் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்றழைத்த கல்லோயாவை மறித்துக் கட்டப்பட்டது. நாட்டின் முதலாவது பிரதமர் டீ.எஸ். சேனாநாயக்கவின் காலத்தில், 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு வேலை தொடங்கியது. மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி அணையைக் கட்டியது. ஏறத்தாழ 95 கோடி கன மீற்றர் நீர் இதில் கொள்ளும். குளத்தைச் சூழ்ந்த காடு 1954 இல் கல்லோயா தேசிய பூங்காவாக்கப்பட்டது. காட்டு விலங்குகளைப் படகிலிருந்தே பார்க்கலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

அனுமதிச் சீட்டுப் பெற்று, பாதுகாப்பு அங்கிகளை அணிந்துகொண்டோம். உம்மா கரையிலேயே நின்றார். கடைசி மகள் படகிலிருந்து கையை நீட்டி, "வாங்க உம்மம்மா" என்றாள்.

வாசகர் கவனிக்க: நானென்றால் இருபது நிமிடம் ஸப்ரைப் பற்றிப் பேசியிருப்பேன். பிள்ளை கையை மட்டும்தான் நீட்டினாள். "பிள்ளைகள் போகக்குள்ள நான் கரையில இருந்து என்ன செய்ய" என்றபடி உம்மா ஏறிவிட்டார். நூஹ் நபி (அலை) கப்பலில் ஏறியபோது ஓதியதாக ஸூறத்து ஹூதில் வரும் துஆவை எல்லோரும் ஓதினோம். உம்மாவின் குரல்தான் உரத்துக் கேட்டது.

நீரில் மூழ்கிப் பட்டுப்போன மரங்கள் ஆங்காங்கே நின்றன. ஒவ்வொரு கிளையிலும் நீர்க்காகங்கள். ஒரு தீவின் கரையில் யானையும் குட்டியும் நிற்கக் கண்டு படகோட்டி எஞ்சினை நிறுத்தினார். புல் தேடி இவை தீவுக்குத் தீவு நீந்துமாம், தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு. அந்த அமைதியில், உம்மா மெல்லக் குனிந்து நீரில் கையை வைத்தார். "இந்தத் தண்ணியா மகன் நம்ம வயலுக்கு வருது?" என்றார்.

"ஓம் உம்மா. சம்மாந்துறை, நிந்தவூர் வயலுக்கெல்லாம் இதுதான்."

வெகுநேரம் கையை எடுக்கவேயில்லை. பிறகு சாச்சியின் பெயரைச் சொல்லி, அவருக்காக துஆச் செய்தார். அத்தனை வருடங்களில் அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

நீரில் மூழ்கி மரணிப்பவர் ஷஹீத் என்ற நபிமொழியை உம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது சத்தியம். ஆனால் சொல்லிவிட்டு எழுந்து மத்ரஸாவுக்குப் போய்விடுவேன். பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவன் வீட்டில் செய்த குறை அது. அல்லாஹ் மன்னிப்பானாக.

கரையேறி, மர நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். ளுஹருக்கு வுழூச் செய்யும்போது மூத்தவன் நீரை வாரி இறைத்தான். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் வீண்விரயம் கூடாது என்று ஸஅத் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் போதித்ததாக இப்னு மாஜாவில் வருவதை நான் நினைவூட்டுமுன், "வயலுக்குப் போற தண்ணி, மெதுவா அள்ளு" என்றார் உம்மா.

அடுத்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு உம்மா கடற்கரை வீதி வரை போய் வந்தார். மணலில் இறங்கவில்லை. வீதியோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், அதுவே போதும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெற்றோர் இப்படி எதையோ மனதில் பூட்டி வைத்திருக்கலாம். ஒரு நாளாவது அவர்களை வெளியே அழைத்துச் சென்று பக்கத்தில் இருங்கள். பேச்சு பிறகு வரும், இன்ஷா அல்லாஹ்.