முள் சொல்லும் பொய்

ஆண்டெனா பொருந்தவில்லையெனில் கோ-ஆக்சியல் கேபிளைச் சற்று வெட்டினால் சரியாகிவிடும் என்றொரு நம்பிக்கை, ஹாம் வானொலி பழகும் எங்களிடையே நெடுங்காலமாக உலவிவருகிறது.

50 ஓம் கேபிளின் முனையில் 100 ஓம் ஆண்டெனா இருப்பதாகக் கொள்வோம். கால் அலைநீளத்துக்கு அப்பால் அது 25 ஓமாகத் தோன்றும். அரை அலைநீளத்தில் மீண்டும் 100. 7.1 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் வெட்டவெளியில் சுமார் 21 மீட்டர். கேபிளின் பாலிஎத்திலீன் காப்புக்குள் அலையின் வேகம் மூன்றில் இரு பங்காகக் குறைவதால், அங்கு 14 மீட்டர்தான்.

ஆக, நீளம் மாறினால் தோற்றம் மாறுகிறது, நோய் மாறுவதில்லை. நிலையலை விகிதம் 2க்கு 1 என்றே நிற்கும். கேபிள் மிக நீண்டால் அதுவும் குறைந்ததுபோல் தெரியும். உண்மையில், திரும்பிவரும் அலை வழியிலேயே வெப்பமாய்க் கரைந்திருக்கும். முள் நற்செய்தி சொல்லும். ஆண்டெனாவோ பட்டினி கிடக்கும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் போர்ட் பிளேரிலிருந்து செய்தி கொணர்ந்தவற்றுள் ஹாம் நிலையமும் ஒன்று. அத்தகைய நாளில் வீணாகும் ஒவ்வொரு வாட்டும் எவருடைய குரலோ ஆகலாம். எனவே கத்தரியைக் கேபிளில் வைக்குமுன் ஆண்டெனாவைத் திருத்துவோம்.