புடவைக்கு முன்னால் புழு

தர்மபுரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒகேனக்கல் அருவியில் குளித்து, மீனையும் ருசித்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பென்னாகரம் பக்கம் மல்பெரித் தோட்டம் எங்கேனும் கண்ணில் பட்டால், வண்டியை நிறுத்துங்கள். அருகிலேயே ஒரு கொட்டகை இருக்கும். சென்ட் பூசியிருந்தால் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். புகையிலை போடும் தாத்தாவுக்கும் அனுமதி கிடையாது. புகையிலை பட்டுப்புழுவுக்கு நஞ்சு!

உள்ளே மழை தூறுவதுபோல் ஓர் ஓசை. ஆயிரக்கணக்கான புழுக்கள் இலை மெல்லும் சத்தம் அது. எறும்பளவில் பிறக்கும் புழு 4 முறை சட்டை உரித்து, சுமார் 25 நாளில் விரல் நீளம் வளர்ந்துவிடுகிறது. மொத்தத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் கடைசி ஏழெட்டு நாளில்தான். அந்த வாரம் சொந்தத் தங்கைக்கே கல்யாணம் என்றாலும், வீட்டில் ஒருவர் இலையோடு நின்றாக வேண்டும். பக்கத்து வயலில் அடித்த பூச்சிமருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்துவிட்டாலோ, அத்தனை உழைப்பும் குப்பைக் குழிக்குத்தான்.

தப்பிய புழுக்களைச் சந்திரிகை என்ற மூங்கில் தட்டில் ஏற்றுகிறார்கள். இப்போது பிளாஸ்டிக் வலையும் உண்டு. இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீள இழையைச் சுற்றித் தன்னையே மூடிக்கொள்கிறது புழு. உங்கள் புடவையின் பூர்வோத்தரம் இதுதான், அம்மணி!

கூட்டை மூட்டை கட்டி தர்மபுரி அரசுப் பட்டுக்கூடு ஏல அங்காடிக்குக் கொண்டு போகிறார்கள். நெல்லைப்போல் இருப்பு வைத்து விலைக்குக் காத்திருக்க முடியுமா? உள்ளே இருப்பது உயிராயிற்றே! இரண்டு வாரத்துக்குள் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்து போகும். ஆகவே ஆவியில் வேகவைத்து விடுகிறார்கள். பாவம்தான். இழை எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழு மீனுக்கும் கோழிக்கும் தீனியாகிறது.

அமெரிக்காவிலோ, வீட்டில் வளர்க்கும் பச்சோந்திக்கும் ஓணானுக்கும் பட்டுப்புழுவை உயிரோடு வாங்கிப் போடுகிறார்களாம். பல்லியைக் கண்டால் துடைப்பத்தைத் தேடும் நமக்கு, இதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

அங்காடியில் யாரும் சிரிக்கவில்லை. விலை இறங்கினாலும் அன்றைக்கே விற்றாக வேண்டும். விற்ற கையோடு, அடுத்த தவணைக்கு இளம்புழு எப்போது கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள்.