பதவி துறந்த பயணி

மதகடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் முதலிய ஊர்கள் 1954 வரை பிரெஞ்சு நிருவாகத்தின்கீழ் இருந்தவை. இவ்வூர்களை ஆண்ட புதுச்சேரி ஆளுநர் அலுவலகத்தில் பணியாற்ற, இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் பிரான்சிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். அவர் பெயர் பெர்னார். பிற்காலத்தில் உலகம் அவரைச் சத்பிரேம் என்று அறிந்தது.

1923-இல் பாரிசில் பிறந்த பெர்னார், பிரித்தானிக் கடற்கரையில் வளர்ந்தவர். செருமானியப் படைகள் பிரான்சைக் கைப்பற்றியபோது எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தார். இருபதாம் அகவையில் நாசிகளின் மறைக்காவலரிடம் சிக்கினார். புகன்வால்டு, மௌத்தாசன் வதைமுகாம்களில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளைக் கழித்தார். பெயர், உறவு, நாடு ஆகிய அனைத்தையும் பறித்தபின் மனிதனிடம் எஞ்சுவது யாது? முகாமிலிருந்து உயிருடன் மீண்டவரை இவ்வினா விடாது தொடர்ந்தது.

புதுச்சேரியில் அவருக்குப் பதவியும் ஊதியமும் மதிப்பும் வாய்த்தன. ஆயினும், அலுவலகக் கோப்புகளில் அவ்வினாவிற்கு விடை இல்லை. 1946-இல் அரவிந்தரையும் அன்னையையும் காணும் பேறு பெற்றார். ஆண்டிற்குச் சில நாள்களே காட்சி தந்த அரவிந்தரின் முன் அடியார்கள் வரிசையாகப் பேசாது கடந்து செல்வர். அந்தச் சில நொடிப் பார்வை அவர் வாழ்வின் திசையை மாற்றிற்று.

பெர்னார் பதவியைத் துறந்தார். எனினும், உடனே ஆசிரமம் புகவில்லை. அரவிந்தரின் நூலொன்றைக் கையில் கொண்டு தென் அமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாக் காடுகளுக்குச் சென்றார். பின்னர்ப் பிரேசிலிலும் ஆப்பிரிக்காவிலும் அலைந்தார். 1953-இல் புதுச்சேரிக்கே மீண்டார். 1957-இல் அன்னை அவருக்குச் சத்பிரேம் என்னும் பெயரைச் சூட்டினார். 'உண்மையாக அன்பு செய்பவர்' என்பது அதன் பொருள்.

அந்நிய மண்ணில் காவியுடுத்தித் துறவியாகவும் அவர் வாழ்ந்தார். நாளடைவில் அக்காவியையும் களைந்து, அன்னையின் பணியில் அமர்ந்தார். 1964-இல் அரவிந்தரைப் பற்றிய அவரது பிரெஞ்சு நூல் வெளிவந்தது. அன்னையுடன் பல்லாண்டுகள் நிகழ்த்திய உரையாடல்களை 13 தொகுதிகளாகப் பதிப்பித்தார். 2007-இல் மறைந்தார்.

பெருஞ்செல்வத்தை ஒருநாளில் உதறிய பட்டினத்தாரைத் தமிழுலகம் நன்கறியும். சத்பிரேமின் துறவு அதனின்றும் வேறுபட்டது. எல்லாம் பறிக்கப்பட்ட ஒருவருக்குக் கிடைத்த பதவி எத்துணை அரியது! அதனை இறுகப் பற்றிக்கொண்டிருந்தால் எவரும் குறை கூறியிரார். ஆயினும் பதவியை விட்டார்; காட்டை விட்டார்; இறுதியில் துறவுக் கோலத்தையும் விட்டார். அவர் ஒருபோதும் விடாதது முகாமில் பிறந்த அந்த ஒரு வினாவையே. வாழ்வில் எதனை அடைவது என்று எண்ணத் தொடங்கும் இளையோர், எவ்வினாவைக் கைவிடாதிருப்பது என்றும் எண்ணிப் பார்த்தல் நன்று.